சிவப்பு மேலே

இன்றைய விசாரணையை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள், அதிகாரி அம்மா. தாளைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். மேசையில் தண்ணீர் இருக்கிறதே, அதில் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் நாளைக்கு நான் கையெழுத்துப் போடவேண்டியிருக்கும். என் கையும் அதில் படும்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. கரகண்டாவில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: ஓரல்பெக்குக்குச் சுத்தப் பைத்தியம். நான் அதை மறுப்பதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் பாதுகாப்புப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே எல்லாம் கறுப்பு; மூக்கைச் சிந்தினாலும் கறுப்பு. அதில் ஒரு மனிதன் சுத்தமாக இருப்பது எவ்வளவு பாடு என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. கரண்ட் அடித்து விழுந்தவனுக்கு வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதைத் தொழிலாளிகளுக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். ரப்பர் பொம்மை ஒன்று வைத்திருந்தோம். ஒவ்வொருவனும் ஊதி முடித்ததும் அதன் உதட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன். அதற்கும் சிரித்தார்கள்.

நீங்கள் கைர்கெல்தியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

பழைய சுரங்கத் தொழிலாளர் மாளிகையின் அடித்தளத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிறோம். கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள். வாங்குகிறவர்கள் அல்ல, கட்டுகிறவர்கள். எங்கள் இளமைக்காலத்தில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதே அரிது. யாரோ ஒருவர் வரைபடத்தை நகலெடுத்துக் கொண்டுவருவார். சமையலறை மேசையில் நாங்களே சிப்புகளைச் சால்டர் செய்து, வீட்டு டிவியோடு இணைத்து, அது உயிர் பெற்றதும் பிள்ளை பிறந்தது போல அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கடையில் எல்லாம் கிடைக்கும் இந்தக் காலத்திலும் நாங்கள் பழைய வகைப் பிராசஸரை வைத்துப் பழைய விதமாகவே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பழைய டிவிகளில் ஒரு பொல்லாத்தனம் உண்டு. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நேராக வீட்டுக் கரண்டோடு சேர்ந்திருக்கும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சட்டம் சாதுவாக இருக்கும். திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும், அதில் மாட்டிய கேபிளிலும். பிளக்குக்கோ மேல் கீழ் கிடையாது. எப்படிச் செருகினாலும் நுழையும். டிவியும் இரண்டு விதத்திலும் ஒன்றுபோலவே ஓடும்.

அதனால் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு பக்கத்தில் நகச்சாயத்தால் சிவப்புப் புள்ளி. புள்ளி மேலே இருக்கும்படி செருகவேண்டும். செருகியவன் வாய்விட்டு “சிவப்பு மேலே” என்று சொல்லவேண்டும். அவன் சொல்லும்வரை யாரும் கேபிளைத் தொடக்கூடாது. சொன்ன பிறகு யாரும் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கவும் கூடாது. அது சொன்னவனை அவமதிப்பதாகும். இந்தக் கடைசிப் பகுதி நான் போட்டதில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். இத்தனை வருடத்தில் சங்கத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

இனி கைர்கெல்தி.

குதிரைப் பண்ணைகளுக்குப் போய்வரும் கால்நடை மருத்துவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னைவிட இரண்டு மடங்கு பருமன். எங்கள் வழக்கப்படி என் பெயரைச் சுருக்கி “ஓரெகே” என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவான். கதவைத் திறக்கும்போதே சிரிப்பு உள்ளே வரும், அப்புறம்தான் அவன் வருவான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். ஆனால் அவன் வாயைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கீழுதட்டுக்குள் எப்போதும் நஸ்வாய் அடக்கியிருப்பான், அந்தப் பச்சைப் புகையிலை உருண்டை. துப்புவதற்குக் கையோடு ஒரு தகர டப்பா. அந்த டப்பாவைத் தேநீர்க் கிண்ணங்களுக்குப் பக்கத்திலேயே வைப்பான். இடது கன்னம் அவனுக்குக் கருவிப்பெட்டி. தையற்காரர் குண்டூசியை வாயில் வைத்திருப்பதுபோல, திருகாணி, சின்ன சிப்பு எல்லாவற்றையும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வேலை பார்ப்பான். “இந்தாங்க ஓரெகே” என்று கன்னத்திலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, எச்சில் சொட்ட, என் உள்ளங்கையில் வைத்திருக்கிறான். அன்று அந்தக் கையை நான் என் உடம்போடு சேர்க்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எல்லாவற்றையும்விட மோசம் நாக்கு. சின்ன பேட்டரியை நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஊரில் பொடியன்கள் எல்லாரும் செய்வதுதான். மீசை முளைத்ததும் விட்டுவிடுவார்கள். இவன் விடவில்லை. பேட்டரி, ஒயர், கேபிள் முனை, எதைக் கொடுத்தாலும் முதலில் நக்குவான். நான் மீட்டரை நீட்டினால் தள்ளிவிடுவான்.

“மீட்டர் எதுக்கு ஓரெகே, ஆண்டவன் நாக்கு குடுத்திருக்கான்ல? குதிரைக்குக் காய்ச்சல்னா கையால பாக்குறேன். இதுக்கு நாக்கு.”

எல்லாரும் சிரிப்பார்கள். அந்தக் கேபிளை அடுத்து நான் தொடவேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது.

இப்போது ‘வசீர்’ பற்றி. உங்களுக்கு வயது குறைவு, தெரிந்திருக்காது. உங்கள் தகப்பனாரைக் கேட்டால் தெரியும். சதுரங்கத்தில் மந்திரிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. நான் எழுதிய சதுரங்க ஆட்டத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தேன். சோவியத் உடைந்து சுரங்கத்தில் வேலை நின்றிருந்த குளிர்காலத்தில் எழுதியது. டேப்பில் நகலெடுத்து நகலெடுத்துக் கைமாறி, கரகண்டாவைத் தாண்டி, எல்லைக்கு அப்பால் ஓம்ஸ்க் வரைக்கும் போயிற்று. நீங்கள் ஒரு காயை நகர்த்தினால் திரையில் இரண்டு சொல் வரும்: ‘யோசிக்கிறேன். பொறுங்கள்.’ ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் யோசிக்கும். அதற்குள் ஆட்கள் பால்கனிக்குப் போய்ப் புகைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவு யோசித்து ஆடும் இயந்திரத்திடம் தோற்பதில் யாருக்கும் வெட்கமில்லை. ஜெயித்தவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

வசீர் பிறந்த நாளைச் சங்கத்தில் ஒவ்வொரு இலையுதிர்காலமும் கொண்டாடுவார்கள். வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் தோர், மரியாதைக்குரியவரின் இடம், அன்று எனக்கு. பெரிய தட்டில் வேகவைத்த இறைச்சி வரும். முறைப்படி, தோரில் உட்கார்ந்திருப்பவர் தன் கையால் இறைச்சியை அள்ளி இளையவர்களுக்கு ஊட்டவேண்டும். மற்றவர்கள் நாசூக்காக உதட்டால் வாங்கிக்கொள்வார்கள். கைர்கெல்தி மட்டும் மண்டியிட்டு, கண்ணை மூடி, என் விரல்களை மூட்டுவரைக்கும் வாய்க்குள் விட்டுக்கொள்வான். பல் படும். நாக்கு படும். கொழுப்பை என் விரலிலிருந்து உறிஞ்சிவிட்டு, “ஓரெகே கையால சாப்பிட்டாத்தான் எனக்கு மூள வேல செய்யுது” என்பான். போன முறை நான் கழிவறைக்குப் போய்க் கை கழுவினேன், திரும்பி வந்தேன், மறுபடி போய்க் கழுவினேன். வாந்தி வந்தது. ஆனால் தோரை விட்டுக்கொடுக்க முடியுமா? வருடத்துக்கு ஒரு நாள்தானே.

அந்த விருந்து நடந்து கொஞ்ச நாளில் அவன் புது இயந்திரத்தோடு வந்தான். உள்ளங்கை அளவு. மீன் அடைத்து வந்த தகர டப்பாவுக்குள் வைத்திருந்தான். சரியாகக் கழுவவில்லை, திறந்ததும் நாறியது. போர்டின் மேல் சால்டர் பசை பழுப்பாகக் காய்ந்துகிடந்தது, அதில் ஒரு குதிரை மயிர் ஒட்டியிருந்தது. ஆனால் நியாயமாகப் பேசவேண்டும். அந்த வேலை சுத்தமான வேலை இல்லை, சரியான வேலை. நடுவில் ஒரு புதிய பிராசஸர். எங்கள் பழைய பிராசஸர் பேசிய மொழியை ஒரு எழுத்து பிசகாமல் பேசும். பழைய ஆட்டம் எதைப் போட்டாலும் அப்படியே ஓடும். ஆனால் பழையது நடக்கும், இது பறக்கும். பழையது ஒரு மூச்சு விடும் நேரத்தில் செய்வதை இது கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும். ஒயர் எல்லாம் குட்டையாக, சிப்புகள் ஒன்றோடொன்று நெருக்கமாக, அனாவசியமாக ஒன்றுகூட இல்லாமல் கட்டியிருந்தான். நான் கட்டியிருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்; இவ்வளவு வேகமாக இருந்திருக்காது.

அவன் அதில் முதலில் ஓட்டியது வசீரைத்தான். அன்பினால்தான் செய்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவனிடம் வஞ்சகம் கிடையாது.

அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“ஓரெகே, கோவிச்சுக்காதீங்க. உங்க வசீருக்குள்ள போய்ப் பாத்தேன். எதிர்பாத்ததவிட ரொம்ப சீக்கிரம் ஆடுச்சு, ஏன்னு பாக்கலாம்னு. அது யோசிக்கவே இல்லீங்க. எந்தக் காய்னு சட்டுனு முடிவு பண்ணிடுது. மிச்ச நேரம் பூரா சும்மா ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு உக்காந்திருக்கு.”

எண்ணட்டுமே என்றேன்.

“இத்தன வருசமா ஊரையே பால்கனியில நிக்க வெச்சு சிகரெட் ஊத வெச்சிருக்கீங்களே மனுசா” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபோது அவன் உதட்டிலிருந்து ஒரு பச்சைத் துளி தெறித்து என் கோட்டின் கழுத்துப்பட்டையில் விழுந்தது. எண்ணும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக் காட்டப் போகிறானாம், வரும் சனிக்கிழமை, எல்லார் முன்னாலும். இரண்டும் ஒரே ஆட்டம் ஆடும். ஒன்று நொடியில், ஒன்று சிகரெட் நேரத்தில். “நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க ஓரெகே, அதான் அழகு. சிரிச்சுச் சிரிச்சுச் செத்துருவாங்க.”

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. இதற்காகத்தான் செய்தேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அந்தக் காத்திருப்பு ஏமாற்று வேலை அல்ல, மரியாதை. நம் பெரியவர்களிடம் ஒன்று கேட்டால் பட்டென்று பதில் சொல்வார்களா? கிண்ணத்தைக் கீழே வைப்பார்கள், தாடியைத் தடவுவார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள். கேட்டவனுக்கு ஒரு மதிப்பு கொடுக்கிற விஷயம் அது. வசீருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்தேன். இது வெளிப்பட்டுவிட்டால் அவமானப்பட என்ன இருக்கிறது? எனக்கு ஒன்றுமில்லை. என்னால் பொறுக்க முடியாமல் போனது அந்தப் பச்சைத் துளி. கோட்டைச் சலவைக்குக் கொடுத்தேன். கறை போகவில்லை. இப்போதும் என் அலமாரியில் தொங்குகிறது, ஆள் அனுப்பிப் பாருங்கள்.

அதனால் அவனுக்கு ஒரு பாடம் கற்பிக்க நினைத்தேன். கற்பிப்பது என் தொழில்.

சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு தடவை காட்டிவிடு, வசீர் பிறந்த டிவி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, அதிலேயே பார்ப்போம் என்று கூப்பிட்டேன். வியாழக்கிழமை மத்தியானம் வந்தான். நல்ல பனி. காலணியைக் கழற்றினான், ஈரக் காலுறையோடு என் தரையில் நடந்தான். சமையலறையில் தேநீர் குடித்தான். கிண்ணத்தின் விளிம்பெல்லாம் பச்சை. அப்போது அவன் மனைவி குல்சிபாத் போனில் கூப்பிட்டாள். அவளிடமும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். எனக்கே கேட்கும்படி கத்தினாள்: “வாயில என்னத்த வெச்சுக்கிட்டுப் பேசுற?”

“மெமரி கார்டு. ஓரெகே வீட்டுல எதையாச்சும் கீழ வெச்சா, அழுக்காயிடுச்சுன்னு வீட்டையே கழுவ ஆரம்பிச்சுருவாரு” என்றான், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு.

வெட்டிச் சுருக்கிய வசீர் அந்தக் கார்டில் இருந்தது. வேறு நகல் எடுக்கவில்லை என்று தேநீர் குடிக்கும்போது அவனே சொல்லியிருந்தான். நான் கேட்டேன், சொன்னான்.

டிவிக்குப் பின்னால் கேபிளை மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். இடது கையைச் சூடு காயச் சுவரோரத்தில் வெந்நீர் ஓடும் இரும்பு ரேடியேட்டரின் மேல் வைத்துக்கொண்டான். நாற்காலியை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் போட்டது யார் என்று நேற்று கேட்டீர்கள். நான்தான். குளிராக இருந்தது, அவன் விருந்தாளி.

நான் பிளக்கைச் செருகினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேபிளின் மறுமுனையைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தான்.

“சிவப்பு மேலே” என்றேன்.

அவன் அதை நாக்கில் வைத்தான்.

ஒரு சுரீர், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாக்கு சுட்டால் ஜென்மத்துக்கும் நக்கமாட்டான். ஆனால் ஈரமான இடத்தில் கரண்டும், ஒரு கை பூமியோடு சேர்ந்த இரும்பிலும் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சுரங்கத்தில் முதல் வகுப்பில் முதல் பாடமே அதுதான். தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வரவேண்டும் என்று இல்லையே.

பிளக்கைப் பிடுங்கினேன். அவன் நாற்காலியோடு சரிந்து கிடந்தான். கழுத்தில் நாடி இருந்தது. மூச்சு இல்லை. வாயோடு வாய் வைத்து ஊதவேண்டியது அந்த நிலைக்குத்தான். நூற்றுக்கணக்கான பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒருவன் நிலத்தடியில் ஒரு பையனைப் பிழைக்கவைத்து மெடல் வாங்கியிருக்கிறான். நான் குனிந்தேன். உதட்டோரத்தில் அந்தப் பச்சை வழிந்துகொண்டிருந்தது. புகையிலை, எச்சில், காலையில் தின்ற குதிரைக் கொழுப்பு, எல்லாம் கலந்த வாடை. முடியவில்லை, அம்மா. மனிதனுக்கு ஒரு எல்லை உண்டு. அந்த வாயை என்னால் தொட முடியவில்லை. அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறேன்: அவனைக் கொன்றது கரண்ட் அல்ல, நான் அல்ல, என் அருவருப்பு. அது பிறவிக் குணம், அதற்கு யாரைத் தண்டிப்பீர்கள்?

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு சிகரெட் எரியும் நேரம் இருக்கும். பிறகு கேபிள் முனையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தடயத்தை அழிக்க அல்ல, எச்சிலாக இருந்தது. பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

இப்போது நீங்கள் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் உறையை மேசையில் வைக்கிறீர்கள். ஆமாம், அந்தக் கார்டுதான். என் சட்டைப் பையிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறீர்கள், சரிதான். டாக்டரின் அறிக்கையையும் வாசித்துக் காட்டினீர்கள்: நஸ்வாய் உருண்டை கீழுதட்டுக்குள் கலையாமல் இருந்தது, இடது கன்னத்தில் ஒன்றும் இல்லை. குல்சிபாத் சொன்னதும் உங்களிடம் இருக்கிறது. வாயைத் தொட முடியாதவன் கார்டை எப்படி எடுத்தான் என்று கேட்கிறீர்கள்.

இரண்டு விரலால் எடுத்தேன். தாடையைக் கீழே அழுத்தி, உதட்டைக் கலைக்காமல், பல்வரிசைக்கு வெளியே கன்னத்தோடு ஒட்டினாற்போல் உள்ளே போனால் கடைசியில் இருக்கும். அந்த வழி என் விரல்களுக்குத் தெரியும்; வருடாவருடம் போய்வந்த இடம். சூடாக இருந்தது. முதலில் அதை எடுத்தேன், சட்டைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் நாடி பார்த்தேன். பிளக்கைத் தெரிந்துதான் திருப்பினேன், தெரிந்துதான் சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சங்கம் வழக்கம்போல் கூடியதாமே. என் இடத்தில் யாரும் உட்காரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பையில் போட்ட பிறகு கை கழுவினேனா என்கிறீர்கள். இல்லை. இரவு ரொட்டி தின்னும்போதுகூடக் கழுவியதாக ஞாபகமில்லை.

அவன் வாய்க்குள் விரலை விட்டபோது அருவருப்பாக இருந்ததா என்று மறுபடியும் கேட்கிறீர்கள்.

யோசிக்கிறேன். பொறுங்கள்.